ஐம்பத்துநாலுக்கு நாற்பத்தொன்று

என்னைவிட ஐந்தே மாதம் மூத்த ஒருவனை அண்ணை என்று கூப்பிடச் சொன்னால் யாருக்கும் கொஞ்சம் எரியும். எனக்கு நிறையவே எரிந்தது. ஐந்து மாதமெல்லாம் ஒரு வயதா என்று அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன். பெரியம்மாவின் மகன் ஒருநாள் மூத்தவன் என்றாலும் அண்ணைதான் என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார். அவனோ விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே, குளிரில் பல் கிடுகிடுக்க, என்னைத் தம்பி என்று கூப்பிட்டான். அதோடு நில்லாமல் என் தோளில் கையும் போட்டான். நேரில் இன்றுவரை நான் அவனை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். எழுத்திலாவது அவன் இவன் என்று எழுதிக்கொள்கிறேன், யாரும் தடுக்கவேண்டாம்.

பெரியம்மாவும் அவனும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியபோது எனக்குப் பதினொரு வயது. மொன்றியலில் வில்லரே பக்கம், வளைந்து ஏறும் இரும்புப் படிக்கு மேலே ஒரு மூன்றாம் மாடி வீடு எங்களுடையது. இரண்டு அறை, ஒரு குசினி, சோபா போட்ட ஒரு முன்கூடம். பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். கொஞ்ச நாளைக்குத்தான் இருப்பார்கள் என்று அப்பா சொன்ன கொஞ்ச நாள் இரண்டு வருடமாக நீண்டது. பெரியம்மா சோபாவில் படுத்தார். அவன் என் அறைக்கு வந்தான். என் கட்டில் அவனுக்குப் போனது. ஏனென்றால் அவன் வந்த பிள்ளையாம். இருந்த பிள்ளைக்கு நிலத்தில் ஒரு மெத்தை விரித்தார்கள்.

கட்டிலைக்கூட மன்னித்திருப்பேன். அவனுடைய நல்ல குணத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. பாகற்காய் வைத்தாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். எழும்பியதும் போர்வையை நான்காக மடித்தான். தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தானே கழுவி, பக்கத்தில் கிடந்த என் கோப்பையையும் கழுவி வைத்தான். "அவனைப் பார்" என்று அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணத் தொடங்கி, களைத்துப்போய் விட்டுவிட்டேன். அம்மா அவனுடைய தலையைத் தடவும்போதெல்லாம், என் தலையை அம்மா கடைசியாக எப்போது தடவினார் என்று யோசித்துப் பார்ப்பேன். பேன் பார்த்ததுதான் ஞாபகம் வரும்.

பெரியம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவர் எங்கள் வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. கறியில் உப்புக் குறைந்திருந்தால் எழுந்துபோய் எடுக்கமாட்டார். வேறு யாராவது உப்புக்கு எழும்பும்வரை காத்திருந்து, அவர்கள் போட்டபிறகு தானும் ஒரு கிள்ளுப் போட்டுக்கொள்வார். தொலைக்காட்சியில் எது ஓடினாலும் அதைப் பார்ப்பார். அது அவருடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இடம் பள்ளிக்கூடப் புள்ளிகள்தான். அவன் புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் "பொன்ஜூர்" சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். நான் கணக்கிலும் பிரெஞ்சிலும் எண்பதுக்குக் கீழே இறங்கமாட்டேன். அப்பா ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். வேலையால் வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து என்ன கடிதம் வந்தாலும் எடுத்து, அதில் எங்காவது எண் இருக்கிறதா என்று தேடுவார். எழுத்தை வாசிக்கமாட்டார். எண்ணைக் கண்டதும் "எத்தினைக்கு?" என்பார். மனதுக்குள் நூற்றுக்கு மாற்றிப் பார்ப்பார். எழுபத்தைந்துக்கு மேலே வந்தால் "டி" என்று அறிவிப்பார். ஊரில் அவர் படித்த காலத்தில் எழுபத்தைந்துக்கு மேல் எடுத்தால் டி. அதற்கு மேலே ஒன்றுமில்லை, கடவுள்தான். டி எடுத்த தாள் பிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு ஒரு மாதம் நிற்கும். அந்தக் கதவு முழுவதும் என்னுடையதாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் ஓட்டப் போட்டி வைத்தார். அவர் பெல்ஜியத்திலிருந்து வந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை முசியு என்போம், பிரெஞ்சில் ஐயா. உடற்பயிற்சிக் கூடத்தின் மூலையில் பந்துகளும் பாய்களும் அடைந்துகிடக்கும் சின்ன அறைதான் அவருடைய அலுவலகம். அதன் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. வரிசையாக ஒன்பது ஆண்கள், எல்லோரும் எலும்பும் தோலுமாக, முழங்கால்வரை சேறு பூசி நின்றார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எடுத்த படம் அது. அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஐரோப்பாவில் ஆறேழு நாடுகள் கூடி வயல்வெளி ஓட்டத்தில் சாம்பியன் யார் என்று பார்ப்பார்களாம். நல்ல மைதானத்தில் ஓடுவதில்லை. சேறு, பள்ளம், வேலி எல்லாம் தாண்டி, பெரும்பாலும் குதிரைப் பந்தயத் திடலிலேயே மனிதர்கள் ஓடுவார்கள். நாட்டுக்கு ஒன்பது பேர். முதலாவதாக வருபவனுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, நாற்பதாவதுக்கு நாற்பது. ஒவ்வொரு நாட்டிலும் முதல் வந்த ஆறு பேரின் புள்ளியைக் கூட்டவேண்டும். யாருக்குக் கூட்டுத்தொகை குறைவோ அந்த நாடு வென்றது.

படத்தில் வலதுபக்கத்து ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்பவர் முசியுவின் தாத்தா. பெல்ஜியத்தின் ஒன்பதாவது ஆள். ஆறு பேரைத்தான் எண்ணுவார்கள் என்றால் ஒன்பதாவது ஆள் எதற்கு என்று ஒருவன் கேட்டான். அவன் முந்திப்போகும் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு புள்ளி ஏறும் அல்லவா, எதிரியின் கணக்கைக் கெடுக்கத்தான் என்று முசியு சொன்னார். சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தப் பழைய போட்டியை முசியு எங்கள் பகுதியில் மறுபடி நடத்திக்கொண்டிருந்தார். எப்படியோ பேசிப் பிடித்து ஆறு பள்ளிக்கூடங்களைச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரு நாடு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், பெல்ஜியம். மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார், பெல்ஜியத்தை மட்டும் குலுக்கமாட்டார், அது நாங்கள்தான். ஹெயிட்டிப் பிள்ளைகள், கிரேக்கப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பெல்ஜியம். படத்திலிருந்த ஒன்பது பேரும் எங்களைக் கண்டிருந்தால் நாட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டிருப்பார்கள். தனி ஆளுக்குப் பதக்கமோ மேடையோ கிடையாது. தனி ஆளைப் புகழ்ந்தால் அணி கெட்டுவிடும் என்பது முசியுவின் கட்சி. வென்ற நாட்டுக்கு ஒரு கோப்பை, அவ்வளவுதான்.

ஆள் தெரிவு செய்ய எங்களைப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி மூன்று தடவை ஓடவிட்டார். அவன் ஊரிலிருந்து போட்டுவந்த கன்வஸ் சப்பாத்தோடு ஓடினான். இடது சப்பாத்தின் அடி முன்பக்கமாக வாய் திறந்திருந்தது. முதல் மூலையில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். இரண்டாவது மூலையில் அவனைக் காணவில்லை. மூன்று சுற்றையும் முடித்துவிட்டு, மூச்சுக்கூட வாங்காமல் மதிலில் சாய்ந்து நின்று, வந்துகொண்டிருந்த எனக்குக் கை தட்டினான். முசியு விசிலை வாயில் வைத்தபடியே ஊத மறந்து நின்றார்.

நான் பன்னிரண்டாவது. அதற்கு முன்பு ஓட்டத்தில் எனக்கு ஒரு ஆசையும் இருந்ததில்லை. அவன் ஓடினான், ஆகவே நானும் ஓடினேன். அவன் நீந்தியிருந்தால் நானும் குதித்து மூழ்கியிருப்பேன். ஆனால் ஒருவனுக்கு அம்மை போட்டது. ஒருவன் ஒட்டாவாவுக்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டான். இன்னொருவனுக்குச் சனிக்கிழமை கிரேக்க வகுப்பு, அவனுடைய தாய் விடவில்லை. இப்படியாக நான் பெல்ஜியத்தின் ஒன்பதாவது ஆள் ஆனேன்.

இருவரும் ஓடுகிறோம் என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. நல்லாய் ஓடுகிறவனுக்கு ஓடுவதற்கென்றே செய்த நல்ல சப்பாத்து ஒன்று வாங்கித் தருவேன் என்றார். இரண்டு பேருக்கும் வாங்கலாமே என்று அம்மா சொன்னார். "ரெண்டு பேருக்கும் குடுத்தா ஒருத்தனும் ஓடான்" என்றார் அப்பா. பெரியம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரையில்லை. சப்பாத்து யாருக்கு என்பது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சப்பாத்து வேண்டும் என்றுகூட இல்லை. அவனுக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான். கட்டில் போயிற்று, அம்மாவின் கை போயிற்று. இப்போது அப்பாவே கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய், அப்பாவின் கையாலேயே வாங்கிக் கொடுக்கப்போகிறார்.

போட்டி ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், ஜாரி பூங்காவில் நடந்தது. முதல்நாள் முழுக்க மழை. அதுவும் போதாதென்று முசியு காலையில் வாளியோடு போய்த் தண்ணீர் ஊற்றினாராம். குதிரை தாண்டும் வேலிக்குப் பதிலாக வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சனிக்கிழமையும் வேலை. பெரியம்மா மட்டும் வந்தார். ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலை அவருக்கு. காலை வேலையை முடித்துவிட்டு, சீருடைக்கு மேலே குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு நேரே வந்து முடிவுக்கோட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

ஆறு நாட்டு ஐம்பத்துநாலு பேரும் ஒன்றாக ஓடத் தொடங்கினோம். முழங்கை, சேறு, யாரோ ஒருவனின் முதுகு. வேறொன்றும் தெரியவில்லை. முதல் வைக்கோல் கட்டிலேயே நான் தடுக்கி விழுந்தேன். எழும்பிப் பார்க்கும்போது அவன் எங்கோ மரங்களுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தான். குளத்தைச் சுற்றி இரண்டு தடவை ஓடவேண்டும். இரண்டாவது சுற்றில் நான் குளத்தின் இந்தப் பக்கம் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் அவன் தனியாக, எல்லோருக்கும் முன்னால் ஓடுவதைப் பார்த்தேன்.

அப்போது அவன் நின்றான். இடது சப்பாத்து சேற்றில் புதைந்து கழன்றுவிட்டது. அவன் அதை விட்டுவிட்டு ஓடவில்லை. திரும்பிவந்து, குனிந்து, இரண்டு கையாலும் இழுத்தான். அவன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் அவனைத் தாண்டிப் போனான். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் சொக்ஸோடு அவன் மறுபடி ஓடினான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அன்று காலையில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

அவன் இரண்டாவதாக வந்தான். நான் எவ்வளவோ நேரம் கழித்து, கடைசி நேரத்தில் வேல்ஸ் பையன் ஒருவனை முந்திக்கொண்டு வந்து சேர்ந்தேன். வேல்ஸின் கணக்கைக் கெடுத்துவிட்டாய் என்று முசியு என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த வேல்ஸ் எப்படியும் கடைசி நாடாகத்தான் வந்தது. பெல்ஜியம் நான்காவது. கோப்பை எங்களுக்கு இல்லை.

பெரியம்மா தோடம்பழம் உரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். பிறகு தன் கழுத்துச் சால்வையால் அவனுடைய காலிலிருந்த சேற்றைத் துடைத்தார்.

"ஓடேக்கை அதை விட்டிட்டுப் போயிருக்கலாமே, பேந்து எடுத்திருக்கலாம்" என்றார்.

"ஆரும் மிதிச்சுப் போட்டா? திங்கக்கிழமை என்னத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போறது?" என்றான்.

பெரியம்மா சப்பாத்தை வாங்கி, வாய் திறந்த அடியை விரலால் அமத்திப் பார்த்தார். விரலை எடுத்ததும் அது மறுபடி திறந்துகொண்டது. அதை அவர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

புறப்படும்போது முசியு எல்லோருக்கும் ஒரு மட்டை கொடுத்தார். அதில் பெயர், நாடு, புள்ளி. வேறு ஒரு சொல்லும் இல்லை. அவனுடைய மட்டையில் இரண்டு. என்னுடையதில் நாற்பத்தொன்று. ஒன்பதாவது ஆளின் புள்ளி ஆகையால் அந்த நாற்பத்தொன்று பெல்ஜியத்தின் கணக்கில்கூடச் சேரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அதைக் கசக்கி எறிந்துவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். பெரியம்மா பக்கத்திலேயே வந்ததால் முடியவில்லை.

அன்று பொழுது சாயும் முன்னரே அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். எல்லோரும் குசினியில் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, "எங்க, காட்டுங்கோ பாப்பம்" என்று இரண்டு மட்டைகளையும் வாங்கினார். தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாப்பத்தொண்டு. எத்தினைக்கு?"

இந்தக் கேள்விக்கு என் வாய் பழகியிருந்தது. "அம்பத்திநாலுக்கு" என்றேன். ஓடியது ஐம்பத்துநாலு பேர்தானே. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அப்பா கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார். பிறகு மேசையில் தட்டினார்.

"எழுவத்தஞ்சுக்கு மேல வருதெல்லோ! ஓட்டத்திலயும் டி எடுத்திருக்கிறான்!"

அவரைக் குறை சொல்லமுடியாது. அவர் படித்த பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் முதலாவதுக்கு ஐந்து புள்ளி, இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு ஒன்று. பிள்ளைகளைப் பிரித்த இல்லங்களில் எந்த இல்லத்துக்கு அதிகமோ அந்த இல்லம் வென்றது. குறைந்த புள்ளிக்காரன் வெல்லும் போட்டி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அடுத்த மட்டையை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மட்டையைத் திருப்பியும் பார்த்தார்.

"ரெண்டோ? பக்கத்தில ஒரு இலக்கம் விடுபட்டுப் போச்சோ?"

"இல்லைச் சித்தப்பா, அது வந்து…" என்று அவன் தொடங்கினான்.

"சோறு ஆறுது, சாப்பிடு" என்றார் பெரியம்மா.

அவன் தாயைப் பார்த்தான். பெரியம்மா அவனைப் பார்க்கவில்லை, பருப்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். அவன் குனிந்து சாப்பிடத் தொடங்கினான். பெரியம்மா கயிற்றடியில் நின்றவர். அவன் வந்ததையும் பார்த்தவர், எவ்வளவு நேரம் கழித்து நான் வந்தேன் என்பதையும் பார்த்தவர். இப்போது சொல்லப்போகிறார், இப்போது சொல்லப்போகிறார் என்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பெரியம்மா எழும்பிவந்து, என் கோப்பையில் இன்னொரு அகப்பை பருப்பு விட்டார்.

"தம்பி கெட்டிக்காரன். நான் பாத்தனான்தானே, விழுந்தும் எழும்பி ஓடினவன்" என்றார்.

நான் திகைத்துப்போனேன். கூடவே இன்னொன்றும் நடந்தது. அம்மா கையை நீட்டி அவனுடைய தலையைத் தடவினார். "பரவாயில்லை ராசா, வந்து கொஞ்ச நாள்தானே, பேந்து நல்லா ஓடலாம்" என்றார். தோற்றவன் என்றாலும் அந்தக் கை அவனுடைய தலைக்குத்தான் போகிறது என்று கண்டதும், டி எடுத்த சந்தோஷத்தில் பாதி எனக்குக் கரைந்துவிட்டது.

மட்டை பிரிட்ஜ் கதவுக்குப் போனது. அப்பா இன்றுவரை என் மகளிடம், உன்ர அப்பா ஓட்டத்திலும் டி எடுத்தவன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. அவனும் திருத்தவில்லை. அவன் இப்போது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சொந்த வீட்டில் இருக்கிறான். திருவிழாவுக்கு முருகன் கோயிலில் சந்திப்போம். அன்றைக்கு ஏன் அண்ணை ஒன்றும் சொல்லவில்லை என்று போன வருடம் அன்னதான வரிசையில் நின்றபோது கேட்டேன். "அம்மா சாப்பிடச் சொன்னவ, சாப்பிட்டன்" என்றான். பிறகு வடைக்குக் கையை நீட்டினான்.

போட்டி முடிந்து இரண்டு மூன்று நாள் யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பெரியம்மாவுக்குத் தன் மகனைவிட என்னைத்தான் பிடிக்கிறது. வேறு என்ன காரணம் இருக்கமுடியும்? கண்ணால் கண்டும் எனக்காக வாயை மூடிக்கொண்டாரே. அவன் என் அம்மாவை எடுத்தான், நான் அவனுடைய அம்மாவை எடுத்துவிட்டேன். கணக்குச் சரி. அந்த வாரம் முழுவதும் நான் பெரியம்மாவுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் பார்க்கவேண்டும் என்பதற்காக அவருடைய மடியில் தலையும் வைத்தேன். பெரியம்மா என் தலையைத் தள்ளவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை என் முகத்துக்கு மேலால் தூக்கித் தூக்கி மடித்தார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு, ஜோன்-தலோன் வீதியில் இருந்த சப்பாத்துக் கடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பெரியம்மா தானும் வருகிறேன் என்றார். எதையும் கேட்காத பெரியம்மா கேட்டது அப்பாவுக்கே ஆச்சரியம். எனக்குப் பெருமை. நான் சப்பாத்துப் போடுவதைப் பார்க்க வருகிறார் என்று நினைத்தேன்.

கடைக்காரர் நாங்கள் இருவரும் வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, இரும்பு அளவுத் தட்டில் இரண்டு பேருடைய காலையும் வைத்துப் பார்த்தார். எனக்கு ஐந்து. அவனுக்கு ஆறு. எனக்கு மட்டும்தான் என்று அப்பா விரலால் காட்டினார். அவன் சொக்ஸை இழுத்துவிட்டு, வாய் திறந்த பழைய சப்பாத்தை மறுபடி போட்டுக்கொண்டான்.

நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஐந்தாம் அளவுச் சப்பாத்து வந்தது. போட்டேன். கால் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. கடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடிக் காட்டினேன். அப்பா சரி என்று தலையாட்டினார். அப்போது பெரியம்மா குளிர் அங்கியோடு நிலத்தில் முழந்தாளிட்டு, என் சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது இப்ப சரி. பனி முடியேக்கை இறுக்கும். வளர்ற பிள்ளையெல்லோ, ஒண்டு கூட்டி எடுப்பம்" என்றார்.

பிள்ளைகளுக்கு உடுப்பும் சப்பாத்தும் பெரிதாக எடுப்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. என்னுடைய பள்ளிக்கூடக் காற்சட்டை எல்லாமே கீழே மடித்துத் தைத்ததுதான். "மச்சாள் சொல்றது சரி" என்று அப்பா ஆறாம் அளவைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் போட்டபோது என் குதி உள்ளே ஏறி இறங்கியது. பஞ்சு வைத்தால் சரி என்றார் பெரியம்மா. அவரே சப்பாத்தின் நாடாவை எனக்குக் கட்டிவிட்டார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் கண்ணாடிக்கு வெளியே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் மகன் பக்கத்தில் இருக்கும்போது என்னை வளர்கிற பிள்ளை என்று சொன்னாரே, என் காலடியில் முழந்தாளிட்டாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. வீட்டுக்கு வரும்வரை பெரியம்மாவின் கையை நான் விடவில்லை.

அந்தச் சப்பாத்தோடு ஐந்தாறு தடவைதான் ஓடியிருப்பேன். பஞ்சு வைத்தேன், இரண்டு சொக்ஸ் போட்டேன், நாடாவை நரம்பு புடைக்க இறுக்கினேன். என்ன செய்தாலும் குதி உள்ளே வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு குதியிலும் கொப்புளம் போட்டு உடைந்தது. பெரியம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி மருந்து பூசினார். பூசும்போது "நோகுதோ ராசா, நோகுதோ ராசா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அவருடைய கண் நிரம்பியிருந்தது. என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்து, நோகாததையும் நோகிறது என்றேன்.

பிறகு சப்பாத்து அலுமாரிக்கு அடியில் கிடந்தது. பனி கரைந்து, அடுத்த ஓட்டத்துக்கு முசியு ஆள் சேர்க்கத் தொடங்கியபோது அம்மாதான் சொன்னார். "சும்மா கிடக்கிற சப்பாத்து. உன்ர கால் வளருமட்டும் அண்ணை போடட்டுமே."

நான் அழுதேன். காலை உதைத்தேன். அது என்னுடையது, டி எடுத்து நான் வாங்கியது என்று கத்தினேன். அவனோ, "வேண்டாம் சித்தி, அது தம்பியின்ர" என்றான். அவன் அப்படிச் சொன்னதால் அம்மாவுக்கு அவன்மேல் இரக்கம் இன்னும் கூடி, சப்பாத்தை எடுத்துவந்து அவனுடைய மடியிலேயே வைத்துவிட்டார். பெரியம்மா கோப்பை துடைக்கிற துவாயோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

அவன் வெளியே இரும்புப் படியின் மேல்தட்டில் உட்கார்ந்து, பஞ்சை வெளியே எடுத்துவிட்டு, காலை உள்ளே விட்டான். நாடாவைக் கட்டி எழும்பி நின்றான். அவனுக்கென்றே அளவெடுத்தது மாதிரி இருந்தது. இவனுடைய சப்பாத்து நுனியைப் பெரியம்மா அமுக்கிப் பார்க்கவில்லை. அவன் மூன்று மாடிப் படியையும் தடதடவென்று இறங்கித் தெருவில் ஓடினான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எனக்கு வாங்கிய சப்பாத்து அவனுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தவேண்டுமா, இவனுக்கு மட்டும் எங்கேயிருந்துதான் இப்படி அதிர்ஷ்டம் வருகிறது என்று எனக்கு எரிச்சல் தாங்கமுடியவில்லை. பின்னால் வந்து நின்ற பெரியம்மாவிடமே கேட்டேன். "ஓம் ராசா, அதிர்ஷ்டம்தான்" என்றார்.